உண்ட வீட்டைக் காட்டிக்கொடுப்பவர்: அண்டர்கவர் குற்றப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படத்தை அண்டர்கவர் படம் என்று சொல்வது?

போலீஸ்காரர் ஒருவர் தன் பெயரையும் வேலையையும் மறைத்துக்கொண்டு ஒரு குற்றக் கும்பலுக்குள் போய், மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ அவர்களில் ஒருவராக வாழ்ந்து, உள்ளிருந்தபடியே தகவல் அனுப்பும் கதைதான் இந்த வகையின் அடிப்படை. கும்பல் தன் ஆளைப் போலீஸுக்குள் நுழைத்து வைக்கும் கதை அதன் மறுபாதி. ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு ஒரு மாலை நேரம் மட்டும் எதிரியின் விடுதியில் உலவிவிட்டுத் திரும்பும் துப்பறிவாளர் கதைகளை இதில் சேர்க்க வேண்டியதில்லை. வேடத்துக்குள் சாப்பாடு, தூக்கம், நட்பு, கடன் என்று ஒரு வாழ்க்கை தொடங்கும் அளவுக்கு நாள் ஆனால்தான் சிக்கல் பிறக்கிறது. முடிவுகளை மறைத்துக்கொண்டு இந்தப் படங்களைப் பேச முடியாது என்பதால், கீழே பல படங்களின் முடிவுகள் சொல்லப்படுகின்றன.

அவர் தன் கடமையைத்தானே செய்கிறார்? இதில் மனப்போராட்டத்துக்கு என்ன இடம்?

கும்பலுக்குள் யாரும் விண்ணப்பம் போட்டு நுழைவதில்லை. உள்ளே இருக்கும் ஒருவர் "இவனுக்கு நான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வைப்பதுதான் அண்டர்கவர் போலீஸின் முதல் வேலை. அதற்கு அவர் அந்த மனிதரின் வீட்டில் சாப்பிட வேண்டும், அவர் குடும்பக் கவலைகளைக் கேட்க வேண்டும், அவருக்காக ஓரிரு முறை அடி வாங்கவும் வேண்டும். வழக்கு வெடிக்கும் நாளில் கும்பலிலேயே கொடியவன் வழக்கறிஞர் வைத்துத் தப்பிவிடக்கூடும். ஆனால் பொறுப்பேற்றுக்கொண்டவர் தப்ப முடியாது, ஏனென்றால் அவரைத் தண்டிக்கப்போவது நீதிமன்றம் மட்டுமல்ல, அவருடைய கூட்டமும்தான். ஆக, யார் அவரை அதிகம் நம்பினாரோ அவரே முதலில் அழிகிறார். வேலையை எவ்வளவு திறமையாகச் செய்கிறாரோ அவ்வளவு பெரிய துரோகம் அவர் கையில் சேர்கிறது.

நமக்கு இது புதிய செய்தி அல்ல. செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, கர்ணனுக்காகவும் கும்பகருணனுக்காகவும் தலைமுறை தலைமுறையாகக் கண்ணீர் விட்ட மொழி இது. அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தே கும்பகருணன் அவனுக்காகச் சாகிறான். வீடணன் அண்ணனிடம் நேருக்கு நேர் நீதி சொல்லிப் பார்த்துவிட்டு வெளியேறுகிறான். இந்த இரண்டு வழிகளுமே அண்டர்கவர் போலீஸுக்கு அடைபட்டவை. வீடணனைப் போல முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போக அவருக்கு உரிமை இல்லை. கும்பகருணனைப் போலச் சோற்றுக் கடனைத் தீர்க்கவும் வழி இல்லை. நல்லவனா கெட்டவனா என்ற போராட்டமாக இதைப் பார்ப்பதைவிட, ஒரே ஆள் இரண்டு இடத்தில் பட்ட கடனாகப் பார்ப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

'டானி பிராஸ்கோ' உண்மைக் கதையா?

பெரும்பகுதி உண்மை. அமெரிக்காவின் எஃப்பிஐயைச் சேர்ந்த ஜோசப் பிஸ்டோன், திருட்டு நகை வியாபாரி டானி பிராஸ்கோ என்ற பெயரில் 1976 முதல் 1981 வரை நியூயார்க்கின் பொனானோ மாஃபியா குடும்பத்துக்குள் இருந்தார். அவர் திரட்டிய ஆதாரங்களால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர் 1988இல் எழுதிய நூலை வைத்து மைக் நியூவெல் இயக்கிய படம் 1997இல் வந்தது. பிஸ்டோனாக ஜானி டெப், அவரை நம்பிக் கூட்டத்துக்குள் கொண்டுவந்த லெஃப்டி ருஜியரோவாக அல் பசினோ.

படத்தில் லெஃப்டி ஒரு பாடம் நடத்துகிறார். ஒருவரை அறிமுகப்படுத்தும்போது "இவர் என் நண்பர்" என்றால் வேண்டியவர், அவ்வளவுதான். "இவர் நம் நண்பர்" என்றால் முறைப்படி குடும்பத்தில் சேர்க்கப்பட்டவர். 'நாங்கள்' என்பதற்கும் 'நாம்' என்பதற்கும் வேறுபாடு அறிந்த தமிழர்களுக்கு இந்த இடம் ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்களைவிடக் கூர்மையாகவே புரியும். அந்த ஒரு சொல்லின் தூரத்தைக் கடக்கத்தான் பிஸ்டோன் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார். கடக்க உதவுபவர், கூட்டத்தில் முப்பது ஆண்டு இருந்தும் மேலே வர முடியாத, கடன்பட்ட, வயதான ஓர் அடியாள்.

கடைசியில் லெஃப்டிக்கு அழைப்பு வருகிறது. போனால் திரும்ப மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கையில் இருக்கும் பணத்தையும் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்து மூடுகிறார். இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து, வீட்டில் இருப்பவள் கண்ணில் படட்டும் என்று அதைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போகிறார். டானி கூப்பிட்டால், யாரோ ஒருவனாகத்தான் இருக்க வேண்டும் என்றால் அது அவனாக இருந்ததில் தனக்குச் சந்தோஷம்தான் என்று சொல்லச் சொல்கிறார். அடுத்து வருவது ஓர் அலுவலக விழா. பிஸ்டோனுக்கு ஒரு பதக்கமும் 500 டாலர் காசோலையும் கொடுத்துக் கைகுலுக்குகிறார்கள். இரண்டு காட்சிகளும் அடுத்தடுத்து வருகின்றன. படம் இதற்குமேல் எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை.

நிஜத்தில் லெஃப்டி கொல்லப்பட்டாரா?

இல்லை. கும்பல் அவரைத் தீர்த்துக்கட்டும் முன்பே 1981 ஆகஸ்டில் எஃப்பிஐ அவரைக் கைது செய்துவிட்டது. சிறைவாசம் முடிந்து வெளியே வந்தவர் 1994இல் புற்றுநோயால் இறந்தார். பிஸ்டோனைச் சேர்த்துக்கொண்டதற்கு உயிரைக் கொடுத்தவர் டொமினிக் நபோலிடானோ என்ற தலைவர். டானி எஃப்பிஐ ஆள் என்று அதிகாரிகளே போய்ச் சொன்ன சில வாரங்களில் அவர் காணாமல் போனார். மறு ஆண்டு கிடைத்த உடலில் கைகள் இல்லை. எதிரியின் கையைக் குலுக்கிக் கூட்டத்துக்குள் கொண்டுவந்ததற்கான தண்டனையாக அது பேசப்பட்டது. படம் இந்தச் சாவைக் கழற்றி லெஃப்டியின் கணக்கில் வைத்துவிட்டது. வரலாற்றுக்கு அது பிழை. கதைக்கு அதுதான் நியாயம், ஏனென்றால் பாசமும் பழியும் ஒரே முகத்தில் சேர்ந்தால்தான் பார்ப்பவருக்கு உறைக்கும்.

'இன்ஃபர்னல் அஃபேர்ஸ்' படத்தை ஏன் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள்?

ஆண்ட்ரூ லாவும் ஆலன் மாக்கும் இயக்கி 2002 டிசம்பரில் ஹாங்காங்கில் வெளியான இந்தப் படம், இந்த வகையின் இரண்டு பாதிகளையும் ஒன்றின் எதிரில் ஒன்றாக நிறுத்தியது. போலீஸ் பயிற்சிப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டதுபோல் நாடகமாடிக் கும்பலுக்குள் அனுப்பப்பட்ட சான் விங்-யான் (டோனி லியூங்). அதே கும்பலின் தலைவன் சிறுவயதிலேயே போலீஸில் சேர்த்துவிட்ட லாவ் கின்-மிங் (ஆண்டி லாவ்). யாரென்று அறியாமலே ஒருவரையொருவர் தேடிப் பிடிக்கும் பொறுப்பு இருவருக்கும் வருகிறது.

இந்த அமைப்பின் கெட்டிக்காரத்தனத்தைப் பலரும் புகழ்ந்துவிட்டார்கள். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. யானுக்கு விசுவாசம் பிளவுபடவே இல்லை. அவர் கடைசிவரை போலீஸ்தான். அவரைத் தின்பது காலம். மூன்று ஆண்டு என்று சொல்லி அனுப்பினார்கள், பிறகு இன்னும் மூன்று, அதற்குப் பிறகும் மூன்று என்று மொட்டை மாடியில் தன் மேலதிகாரியிடம் அவர் குமுறுகிறார், கிட்டத்தட்டப் பத்தாண்டுகள். விசுவாசம் பிளவுபடுவது லாவுக்குத்தான். பொய்யாகப் போட்ட போலீஸ் சட்டை அவருக்குப் பிடித்துப் போகிறது. நல்ல வேலை, புது வீடு, மணக்கப்போகும் பெண் என்று வாழ்க்கை நேராகும்போது அவர் நல்லவராகவே ஆகிவிட விரும்புகிறார். அதற்காகத் தன் தலைவனையே சுட்டுக் கொல்கிறார். ஆனால் நல்லவராகத் தொடர வேண்டுமானால் உண்மை தெரிந்தவர்கள் யாரும் இருக்கக் கூடாது. நல்லவனாவதற்கான ஒவ்வொரு அடியும் இன்னொரு குற்றமாகிறது. பயிற்சிப் பள்ளியில் யான் வெளியேறும்போது "அவனோடு இடம் மாற்றிக்கொள்ள யாருக்காவது விருப்பமா?" என்று கேட்கப்படும் கேள்விக்கு, எனக்கு என்று லாவின் மனம் சொல்லும் பதில் படத்தின் இறுதியில்தான் முழுப் பொருள் பெறுகிறது.

அந்தப் படத்தின் சீனப் பெயருக்கும் நரகத்துக்கும் என்ன தொடர்பு?

சீனத் தலைப்பு பௌத்தம் சொல்லும் அவீசி நரகத்தைக் குறிக்கிறது. இடைவெளி இல்லாத துன்பம் என்பது அதன் பொருள். அங்கே சாவும் கிடைக்காது, நீண்ட ஆயுளே பெரிய தண்டனை. அதனால்தான் படத்தில் யான் இறக்கிறார், லாவ் பிழைக்கிறார். யானின் அடக்கத்தில் மரியாதையோடு சல்யூட் அடித்து நிற்கும் லாவ்தான் நரகத்தில் இருப்பவர்.

சீனப் பெருநிலத்துக்காக எடுக்கப்பட்ட மாற்று முடிவில், லிஃப்டிலிருந்து வெளியே வரும் லாவை அங்கேயே கைது செய்துவிடுகிறார்கள். குற்றவாளி தப்பக் கூடாது என்பதற்காகச் செய்த மாற்றம். சட்டம் ஜெயித்தது, தலைப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. முதல் தடவை பார்ப்பவர்கள் எந்த முடிவு உள்ள பிரதி என்று கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

'தி டிபார்ட்டட்' அதே கதைதானே?

மார்ட்டின் ஸ்கோர்செஸி 2006இல் அதைப் பாஸ்டன் நகரத்து ஐரிஷ் வட்டாரத்துக்குக் கொண்டுபோனார். சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. சம்பவங்கள் பெரும்பாலும் அவையே. மாடியிலிருந்து தள்ளப்படும் அதிகாரி, உண்மையைக் காட்டிக்கொடுக்கும் கையெழுத்துள்ள உறை, லிஃப்ட் எல்லாம் உண்டு. வேறுபடுவது கணக்குத் தீர்க்கும் முறை. இங்கே கறுப்பு ஆடு பிழைப்பதில்லை. காலில் மருத்துவமனை உறை மாட்டிக்கொண்டு தடயம் விழாதபடி வீட்டுக்குள் காத்திருக்கும் இன்னொரு போலீஸ்காரர் அவனைச் சுட்டுவிட்டுப் போகிறார். பார்ப்பவருக்கு ஒரு திருப்தி கிடைக்கிறது. எனக்கு ஹாங்காங் முடிவே மேல்.

ஆனால் ஸ்கோர்செஸி சேர்த்த ஒன்று அசலில் இல்லாதது, கனமானது: கும்பலின் தலைவனே எஃப்பிஐக்குத் தகவல் கொடுப்பவன். இது பாஸ்டனில் நடந்தது. ஜேம்ஸ் பல்ஜர் என்ற தாதா எஃப்பிஐயின் தகவலாளியாக இருந்தார். அவரைக் கையாண்ட அதிகாரி ஜான் கானலி பின்னர் தானே குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்டார்.

ஒரே ஒரு அதிகாரிக்கு மட்டும் உண்மை தெரியும் என்பது எல்லாப் படத்திலும் வருகிறதே?

நம் ஊரில் அதற்கு விளக்கமே வேண்டாம். 1980இல் ரஜினிகாந்த் நடித்த 'பில்லா'வில், 1978இல் வந்த இந்தி 'டான்' படத்தில் உள்ளதுபோலவே, செத்த கொள்ளைக்காரனின் இடத்தில் அவனைப் போலவே இருக்கும் அப்பாவியை அனுப்பிவைத்த அதிகாரி இறந்துவிடுகிறார். அப்பாவி கொள்ளைக்காரனாகவே மாட்டிக்கொள்கிறான். நமது படம் அதைத் தப்பிக்கும் கதையாக எடுத்துக்கொண்டு வேகமாக ஓடிற்று. ஹாங்காங் படம் அதே இடத்தில் நிற்கிறது. மேலதிகாரியின் உடல் ஒரு டாக்சி மேல் விழும் நொடியில், யான் போலீஸ் என்பதற்கு உலகில் ஒரு கணினிக் கோப்பு மட்டுமே சாட்சி. அதையும் லாவ் அழித்துவிடுகிறார். ஒருவர் யார் என்பது அவர் மனதில் இருக்கிறதா, அலுவலகக் கோப்பில் இருக்கிறதா என்று இந்த வகைப் படங்கள் கேட்கும் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான காட்சி இல்லை.

போலீஸே தன் ஆளை நம்பாதபோது என்ன ஆகும்?

ஒற்றரை ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல்லும் ஒத்தால்தான் நம்ப வேண்டும் என்று குறளின் ஒற்றாடல் அதிகாரம் அரசனுக்குச் சொல்கிறது. நிர்வாகத்துக்கு அது நல்ல விதி. அந்த மூவரில் ஒருவராக இருப்பது எப்படி இருக்கும் என்பதை 2013இல் வந்த கொரியப் படமான 'நியூ வேர்ல்ட்' காட்டுகிறது.

பெரிய குற்றக் கூட்டமைப்பு ஒன்றில் உயர்ந்துவிட்ட அண்டர்கவர் போலீஸ் லீ ஜா-சங். விடுவிக்கும்படி எத்தனை முறை கேட்டாலும் மேலதிகாரி காங் இன்னொரு வேலை, இன்னும் கொஞ்ச நாள் என்று இழுத்தடிக்கிறார். தகவல் வாங்க வரும், 'கோ' என்ற பலகை விளையாட்டைச் சொல்லித்தரும் ஆசிரியையும் போலீஸ்தான். தன் அருகிலேயே அடியாளாக இருந்தவன் போலீஸ் என்பது ஜா-சங்குக்கே தெரியாது. கட்டிய மனைவியும் அவரைப் பற்றிக் காங்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். மறுபக்கத்தில் ஜங் சங் என்ற ரௌடி இருக்கிறார். சத்தமாகப் பேசுபவர், செருப்போடு விமான நிலையத்தில் வந்திறங்குபவர், போலிக் கைக்கடிகாரம் வாங்கிவந்து, தம்பியாக நினைக்கும் ஜா-சங்குக்குப் பரிசாகக் கொடுப்பவர், ஈவிரக்கமில்லாத கொலைகாரர். போலீஸ் கோப்புகளைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்ததில் தம்பி யாரென்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. மற்ற ஒற்றர்கள் இருவரைச் சாவுக்குத் தள்ளும் அவர் ஜா-சங்கை மட்டும் விட்டுவிடுகிறார். சாகும் படுக்கையில், இனியாவது மனதைக் கல்லாக்கிக்கொள், அப்போதுதான் பிழைப்பாய் என்று புத்தி சொல்கிறார்.

அதன்பின் ஜா-சங் போலீஸ் பக்கம் திரும்பவில்லை. காங்கைக் கொல்ல ஏற்பாடு செய்துவிட்டுத் தலைவர் நாற்காலியில் அமர்கிறார்.

அப்படியானால் 'நியூ வேர்ல்ட்' ரௌடித்தனத்தை நியாயப்படுத்துகிறதா?

அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் நான் அப்படிப் படிக்கவில்லை. ஜங் சங் நல்லவர் என்று படம் எங்கும் சொல்வதில்லை. அவர் மன்னித்தது ஒரே ஒருவரை, அதுவும் மற்ற இருவரைச் சாவுக்குத் தள்ளிய பிறகு. படம் வைக்கும் குற்றச்சாட்டு போலீஸின் மீது: தன் ஆளிடம் விசுவாசம் கேட்ட நிறுவனம், பதிலுக்கு அவரிடம் எந்த விசுவாசமும் காட்டவில்லை. காங்கும் வில்லன் அல்லர். களைத்துப்போன, தன் செயலை வெறுக்கும் ஓர் அதிகாரி. கதை முடிந்த பிறகு ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சிறு காட்சி வருகிறது. கடலோர ஊர் ஒன்றில் இரண்டு சில்லறை ரௌடிகள் ஓர் அடிதடியை முடித்துவிட்டு வெளியே வருகிறார்கள். ஜா-சங் சிரிக்கிறார். படம் முழுக்க அவர் அப்படிச் சிரித்து நாம் பார்த்ததில்லை.

வேடத்துக்காகச் செய்த கொலைக்கு யார் பொறுப்பு?

சட்டம் இதற்குத் தாள் வழியே பதில் தேடுகிறது. எஃப்பிஐயின் அண்டர்கவர் வேலைகளுக்கான விதிமுறைகள் 1981இல் வகுக்கப்பட்டன; பிரிட்டனில் தகவலாளிகளும் மறைவாகப் பணியாற்றுபவர்களும் செய்யும் குற்றச் செயலுக்கு முன்அனுமதி தரும் சட்டம் 2021இல்தான் வந்தது. பிஸ்டோனை 1981 ஜூலையில் வெளியே எடுத்ததற்கு, ஒருவரைக் கொல்லும்படி அவருக்குக் கும்பல் உத்தரவிட்டிருந்தது முக்கியக் காரணம்.

திரையில் இதற்கு எனக்குப் பிடித்த பதில் ஜான் வூவின் 'ஹார்ட் பாயில்ட்' (1992). அதில் டோனி லியூங்கின் அண்டர்கவர் போலீஸ், தான் கொல்லும் ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதக் கொக்கு மடித்துத் தன் படகில் தொங்கவிடுகிறார். அனுமதித்த அதிகாரி ஒரு கணக்கு வைத்திருக்கலாம். இவர் தனியே ஒன்று வைத்திருக்கிறார்.

தமிழில் இந்தப் போராட்டத்தை எடுத்த படம் எது?

'போக்கிரி'யைப் (2007) பலர் சொல்வார்கள். கதாநாயகன் போலீஸ் என்பது நமக்குக் கடைசிப் பகுதியில்தான் சொல்லப்படுகிறது. திருப்பமாக அது வெற்றி. ஆனால் பார்ப்பவருக்கே தெரியாத விசுவாசம் பிளவுபடுவதை யாரும் பார்க்க முடியாது.

'குருதிப்புனல்' (1995) வேறு ரகம். கோவிந்த் நிஹலானியின் 'த்ரோக்கால்' படத்தைத் தழுவி பி.சி. ஸ்ரீராம் இயக்கியது. பாடல்கள் இல்லை. தீவிரவாதக் குழுவுக்குள் ஆட்களை நுழைத்த அதிகாரி ஆதிநாராயணன் (கமல்ஹாசன்), தன் குடும்பத்தின் மீது கை வைக்கப்பட்டதும், அதே குழுவின் தலைவனுக்குத் தானே ஒற்றராகிறார். அனுப்பி வைத்தவரே காட்டிக்கொடுப்பவராகும் இந்தத் தலைகீழ் மாற்றத்தில் ஆசையோ பணமோ இல்லை. பயம் மட்டுமே இருக்கிறது. அதனால்தான் அவரை வெறுக்க முடிவதில்லை.

ஏமாற்றப்பட்டவர்களின் பக்கத்தை இந்தப் படங்கள் சொல்கின்றனவா?

மிகக் குறைவு. இது இந்த வகையின் பெரிய ஓட்டை. வாழ்க்கையில் அந்தப் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டது: பிரிட்டனில் போராட்டக் குழுக்களுக்குள் அனுப்பப்பட்ட போலீஸ்காரர்கள், தாங்கள் யாரென்று சொல்லாமலே அங்கிருந்த பெண்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது வெளிவந்தது. லண்டன் மாநகரப் போலீஸ் 2015இல் அந்தப் பெண்களில் சிலரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு ஒரு பொது விசாரணையும் அமைக்கப்பட்டது. அந்தப் பெண்களில் ஒருத்தியின் கண் வழியாக ஒரு குற்றப் படம் வந்தால், மனப்போராட்டம் என்று நாம் இதுவரை ரசித்ததில் பாதி வேறு மாதிரித் தெரியும்.

தப்பிக்க வழி இருந்தும் சிலர் கடைசி நொடியில் உண்மையைச் சொல்லிவிடுகிறார்களே, ஏன்?

குவென்டின் டாரன்டினோவின் 'ரிசர்வாயர் டாக்ஸ்' (1992) இதற்குச் சிறந்த உதாரணம். நகைக் கொள்ளை சொதப்பிய பிறகு ஒரு பழைய கிடங்கு. வயிற்றில் குண்டு பாய்ந்து கிடக்கும் ஆரஞ்சு என்பவர் அண்டர்கவர் போலீஸ். அவருக்காகத் தன் கூட்டாளிகள் மீதே துப்பாக்கியைத் திருப்பி, இவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று சத்தியம் செய்தவர் ஒயிட் என்ற கொள்ளைக்காரர். அந்தச் சண்டையில் அவரும் சுடப்பட்டு, தவழ்ந்து வந்து ஆரஞ்சின் தலையை மடியில் எடுத்துக்கொள்கிறார். போலீஸ் வந்துகொண்டிருக்கிறது, இன்னும் சிறிது நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆரஞ்சு பிழைத்திருப்பார். ஆனால் நான் போலீஸ் என்று அவர் சொல்லிவிடுகிறார், மன்னித்துவிடு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். வழக்குக்கு அந்த வாக்குமூலத்தால் ஒரு பயனும் இல்லை. ஒயிட் அழுதுகொண்டே துப்பாக்கியை அவர் முகத்தில் வைக்கிறார். கதவை உடைத்து வருபவர்கள் துப்பாக்கியைக் கீழே போடச் சொல்லிக் கத்துகிறார்கள். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.